கலப்பு வெண்டிக்காயைப் புழுவிடமிருந்து காத்தல்: விசுவமடு வீட்டுத்தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கறிக்கு வளர்க்கிற வெண்டியில் சில காய்கள் புழுக்குத்தாகப் போனால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. குத்துப்பட்டதை எறிந்துவிட்டு அடுத்த காயைப் பிடுங்கலாம். கையால் மகரந்தம் வைத்துக் கலந்த காயில் அப்படிச் செய்ய முடியாது. இரண்டு செடிகளைத் தேர்ந்து, மாலையில் மொட்டைத் திறந்து, காலையில் மகரந்தம் தடவி, ஒரு மாதத்துக்கு மேல் செடியிலேயே முற்றவிட்டு எடுக்கிற காய் அது. அதற்குள் ஒரு புழு போனால் அந்தப் போகத்தின் வேலை முழுதும் போகும். இலங்கையின் வன்னியில், விசுவமடுப் பக்கத்தில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்காவின் காணியில், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில், இந்தச் சிக்கல் எப்படி வந்தது, எப்படிப் பெருமளவு தீர்ந்தது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

அவர் எதற்காகக் கலந்தார் என்பதை முதலில் சொல்லவேண்டும். குடும்பத்தில் தலைமுறையாக வைத்திருக்கும் ஒரு வெண்டி அவரிடம் இருக்கிறது. உயரமாக வளரும், காய் வெளிர்பச்சை, தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும், குழம்பில் கரையாது. ஆனால் மஞ்சள் நரம்பு நோய் வந்தால் அந்த வரிசையே மஞ்சளாகி நின்றுவிடும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் அது. வந்த செடியை மாற்ற வழி கிடையாது. அதே காணியில் போட்ட விவசாயத் திணைக்களத்தின் ஹரித இனத்தில் அந்த நோய் குறைவாக இருப்பதை அவர் கவனித்திருந்தார். இரண்டையும் கலந்து, பிறகு வரும் தலைமுறைகளில் பொறுக்கியெடுத்தால் வீட்டு வெண்டியின் குணத்தோடு நோய் தாங்கும் செடி கிடைக்குமா என்பது அவருடைய எண்ணம். 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் பீடைகொல்லிக்கும் இறக்குமதித் தடை வந்து, நவம்பரில் அது விலக்கப்பட்ட பிறகும் விலைகள் எட்டாத உயரத்துக்குப் போன காலம் வன்னியில் யாருக்கும் மறக்காது. சொந்த விதை வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு அந்த நாட்களில்தான் வந்தது.

வெண்டி கலப்புக்கு மிகவும் இசைந்த செடி. பூ பெரிது, பாகங்கள் கண்ணுக்குத் தெரியும். நாளைக் காலை விரியப்போகும் மொட்டின் நுனியில் இன்றைக்கு மாலையே வெளிர்மஞ்சள் இதழ் எட்டிப்பார்க்கும். அதைப் பிடித்து, அடியில், மொட்டை மூடியிருக்கும் புல்லியைச் சுற்றி மெல்லிய அலகால் கீறி, புல்லி, இதழ், மகரந்தம் தாங்கும் கேசரக் குழாய் மூன்றையும் ஒன்றாக மேலே உருவிவிட்டால் காயாகும் சூலகமும் அதன்மேல் தம்பமும், மகரந்தம் ஏற்கும் நுனியான குறியும் மட்டும் நிற்கும். மறுநாள் காலை, தந்தைச் செடியின் பூவை எடுத்து இதழ்களை மடித்துவிட்டு, மகரந்தம் உதிரும் குழாயைக் குறியில் தடவவேண்டும். தந்தைப் பூவையும் முந்தின மாலையே நூலால் கட்டி வைக்காவிட்டால், தேனீ வேறு செடியின் மகரந்தத்தை அதில் கொண்டுவந்து சேர்த்துவிடும். இந்த வேலையில் அக்காவின் கை முதல் ஆண்டிலேயே நன்றாகப் படிந்துவிட்டது. கலந்த பூக்களில் பெரும்பாலானவை காய் பிடித்தன. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

முதல் ஆண்டு

மகரந்தம் வைத்த பூவுக்கு அவர் கடதாசிப் பை போட்டார். இரண்டு மூன்று நாளில் குறி வாடியதும் பையைக் கழற்றினார். இனி வேறு மகரந்தம் பிடிக்காது என்பதால் அது சரியான கணக்குத்தான். காய் இரண்டு விரல் நீளத்துக்கு வந்த பிறகு, பழைய நுளம்பு வலையில் தைத்த சிறு பைகளைப் போட்டுக் கழுத்தை நூலால் கட்டினார். அதற்குப் பிறகு காயைத் தொடவில்லை. காய்கள் பழுப்பாகும்வரை பார்வைக்கு எல்லாம் நன்றாகவே இருந்தன.

பைகளைத் திறக்கத் தொடங்கிய காலை என்னைக் கூப்பிட்டார். ஒரு பைக்குள் சிறிய அந்துப்பூச்சி ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. முன்சிறகு வெளிறிய நிறம், அதன் நடுவே ஆப்பு வடிவில் ஒரு பச்சைப் பட்டை. காயின் காம்புப் பக்கத்தில் உருண்டையான துளை, அதன் வாயில் காய்ந்த எச்சம். பையின் மடிப்பில், தோணியைக் கவிழ்த்த வடிவில் அழுக்கு வெள்ளைக் கூடு. அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, பையில ஒரு ஓட்டையும் இல்லை. முடிச்சும் நான் போட்ட மாதிரியே கிடக்கு. இது எப்பிடி உள்ளுக்க வந்தது?"

அந்தக் கேள்வியில்தான் முழு விடயமும் இருக்கிறது. வந்தது புள்ளிக் காய்ப்புழு, அறிவியல் பெயர் ஏரியாஸ் விட்டெல்லா. இதன் தாய் இரவில் பறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக இடும்: தளிரில், மொட்டில், பூவில், பிஞ்சின் மயிர்களுக்கிடையில். முட்டை நீலமும் பச்சையும் கலந்த நிறம், கடுகை விடச் சிறியது, மேலே வரிவரியாகச் செதுக்கியது போல இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரிக்கும். புழு இரண்டு கிழமை அளவில் உள்ளே தின்று வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டி, இன்னொரு கிழமை பத்து நாளில் அந்தாகும். ஆக முட்டையிலிருந்து அந்துவரை மூன்று நான்கு கிழமைகள். விதைக்கான வெண்டிக்காய் பூத்த நாளிலிருந்து முற்ற முப்பது நாளுக்கு மேல் எடுக்கும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பூவிலோ பிஞ்சிலோ இட்ட முட்டை, காய் முற்றுவதற்குள் அந்தாகிவிட முழு அவகாசம் இருக்கிறது. கடதாசிப் பையைக் கழற்றியதற்கும் வலைப் பையைப் போட்டதற்கும் இடைப்பட்ட நாட்களில் காய் திறந்து கிடந்தது. முட்டை விழுந்தது அப்போதுதான். பை போட்டபோது புழு ஏற்கனவே உள்ளே இருந்தது.

இதில் இன்னொரு கெடுதியும் உண்டு. வெளியே இருக்கும் காயில் புழு பொரித்தால் அதற்கு எதிரிகள் இருக்கிறார்கள். முசுறு எறும்பு தூக்கிக்கொண்டு போகும், குளவி பிடிக்கும், மைனா கொத்தும். பைக்குள் அகப்பட்ட புழுவை இவற்றில் ஒன்றும் நெருங்காது. பிந்திப் போட்ட பை புழுவுக்கே காவலாகிவிடுகிறது. அக்காவின் தோட்டத்தில் பை போடாமல் விட்ட காய்களை விட, பிந்திப் பை போட்ட காய்கள் சில இடங்களில் மோசமாக இருந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நுளம்பு வலையிலும் பிழை இருந்தது. அந்து அதற்குள் நுழையாது, உண்மை. ஆனால் வலையின் மேலேயே முட்டை இடலாம். பொரித்த புழு மயிரிழை அளவுதான்; நுளம்பு வலையின் கண் அதற்குத் திறந்த படலை.

துளை இல்லாத காய்களையும் உடைத்தோம். இங்கே வேறொரு சேதம். வெளியே எல்லாம் ஒழுங்கு, உள்ளே விதைகள் சுருங்கி, கறைபட்டு, எடையில்லாமல் இருந்தன. தண்ணீரில் போட்டதும் மிதந்தன. இது சிவப்புப் பருத்திப்பூச்சியின் வேலை. அது காயைத் தின்பதில்லை. ஊசி போன்ற வாயைக் காய்த்தோலூடாக விதைக்குள் இறக்கி உறிஞ்சும். வலை காயோடு ஒட்டிக் கிடந்ததால் வெளியே உட்கார்ந்தபடியே, வலைக்கண்ணூடாக உறிஞ்சியிருக்கிறது. கறிக்கு வெண்டி வளர்ப்பவர்கள் இந்தப் பூச்சியைக் கணக்கெடுப்பதில்லை, ஏனென்றால் பிஞ்சிலேயே காயைப் பிடுங்கிவிடுகிறார்கள். விதைக்கு விடும்போதுதான் இது பெரிய எதிரி. என் அனுபவத்தில் விதைக்காயைக் கெடுப்பதில் புழுவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். புழு போட்ட துளையாவது கண்ணுக்குத் தெரியும். இந்தச் சேதம் விதை முளைக்காமல் போகும்வரை தெரியாது.

பூச்சி எங்கிருந்து வருகிறது என்று தேட அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. காணியின் மேற்கு வேலி முழுதும் பூவரசு. பூவரசங்காய்கள் விழுந்து கிடந்த இடத்தில் சிவப்புப் பூச்சிகளும் குஞ்சுகளும் கூட்டமாக மொய்த்துக் கிடந்தன. வெண்டி, பருத்தி, பூவரசு, துத்தி, செம்பருத்தி எல்லாம் ஒரே குடும்பம். வேலியோரம் துத்தி வேறு தாராளமாக நின்றது. அது காய்ப்புழுவுக்கும் இடைக்காலத் தங்குமிடம். வேலியை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூவரசங்குழை தோட்டத்துக்குப் பசளை, ஆட்டுக்குத் தீனி, வெயிலுக்கு நிழல். துத்தியை மட்டும் பிடுங்கினோம்.

மருந்து அடித்திருக்கலாமே என்று பக்கத்துக் காணிக்காரர் கேட்டார். அடிக்கலாம். ஆனால் புழு காய்க்குள் போன பிறகு மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. கலந்த காய்கள் நிற்கும் அதே செடிகளின் மற்றக் காய்களை அக்கா கறிக்கும் பிடுங்குகிறார், பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். கையளவு கலப்புக் காய்களுக்காக முழு வரிசைக்கும் நஞ்சு அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

இரண்டாம் ஆண்டு

காலம் முதலில் மாறியது. மாரியில் வரும் காலபோக மழைக்குள் பூக்கவிட்டால் பை நனைந்து காய் அழுகும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எழுந்த பிறகு முற்றவிட்டால் பை பாய்மரமாகி காம்பை முறிக்கும். தையில் விதைத்து, மாசி பிற்பாதியிலும் பங்குனியிலும் பூக்கவைத்து, சித்திரைக்குள் காயை எடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார். சித்திரையில் இடியோடு மழை ஒன்றிரண்டு வரும், அதைச் சமாளிக்கலாம். கிணற்றுத் தண்ணீர் அதுவரை தாங்கியது.

பைத்துணியும் மாறியது. கலியாண வீடுகளில் இனிப்புப் போட்டுக் கொடுக்கிறார்களே, ஓகன்சா பை, அதையே எடுத்தோம். நெசவு நெருக்கம், காற்றும் வெளிச்சமும் போகும், கழுவித் திரும்பப் பாவிக்கலாம். இது புதிய யோசனை இல்லை. குளிர்நாடுகளில் ஐரிஸ் பூச்செடியைக் கலப்பவர்களுக்கும் இதே தலையிடி உண்டு. வட அமெரிக்காவில் ஐரிஸ் காய்க்குள் முட்டை இடும் ஒரு கூன்வண்டு இருக்கிறது. அதன் புழு உள்ளேயே விதைகளைத் தின்று வளரும். அந்துப்பூச்சி வகை ஒன்றின் புழுவும் அங்கே ஐரிஸ் விதையைத் தின்கிறது. ஐரிஸ் காய் முற்ற இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும், ஆக அவர்கள் காத்திருக்கும் காலம் நம்மை விட நீளம். அவர்களும் பூ வாடியதும் காயின் மேல் ஓகன்சாப் பையோ பழைய நைலோன் காலுறையோ மாட்டிவிடுகிறார்கள். செடி வேறு, பூச்சி வேறு, தர்க்கம் ஒன்று.

எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் பை போடும் நாள். மொட்டைத் திறக்கும் மாலையிலேயே பை விழவேண்டும், அறுவடைவரை காய் ஓர் இரவுகூடத் திறந்து நிற்கக்கூடாது என்பது ஒரே விதி. மற்றதெல்லாம் அந்த விதியைக் காப்பாற்றச் செய்த வேலைகள்.

மாலை நாலரை ஐந்துக்கு அக்கா வரிசைக்குள் போவார். தெரிந்தெடுத்த மொட்டைத் திறக்குமுன் கைவில்லையால் சுற்றிப் பார்ப்பார். புல்லிக்குக் கீழே ஒடுங்கிய நாக்குகள் போல ஒரு வட்டம் இருக்கிறதல்லவா, அதன் இடுக்கில்தான் முட்டை அதிகம் அகப்பட்டது. ஈரத்துணியின் நுனியால் காம்பையும் அந்த இடுக்குகளையும் துடைத்துவிட்டு, பிறகுதான் அலகை எடுப்பார். கேசரம் நீக்கியதும் சிறிய ஓகன்சாப் பை. காலையில் மகரந்தம் வைக்கும் அந்தச் சில நிமிடம் மட்டும் பை திறக்கும். வெயில் ஏறிய பின் பை திறந்தால் இலைப்பேன்கூட வந்து உட்கார்ந்துவிடும் என்று, எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்.

கழுத்துக் கட்டுவது பார்க்கச் சின்ன வேலை, ஆனால் அதிகம் யோசிக்கவைத்தது அதுதான். வெண்டிக்காயின் காம்பு குட்டை, காய் தண்டை ஒட்டி நிற்கும். பையைச் சுருக்கி நூலால் இறுக்கினால் சுருக்கங்களுக்கிடையில் வழி விடுகிறது. இன்னும் இறுக்கினால் காம்பு நசிகிறது. அக்கா ஒரு துண்டுப் பஞ்சைக் காம்பைச் சுற்றி வளையமாக வைத்து, அதன்மேல் பையின் வாயைச் சுருக்கி, மெல்லிய துணிநாடாவால் கட்டினார். பஞ்சு வழியையும் அடைக்கும், காம்பையும் காக்கும். எறும்பு ஏறும் செடிகளில் பஞ்சின் வெளிப்புறம் சிறிது கிறீஸ் தடவினார். அந்த நாடாவிலேயே தாய், தந்தை, திகதி எழுதிய சிறு பிளாஸ்டிக் துண்டும் தொங்கும்.

காய் ஒரு கிழமைக்குள் சிறிய பையை நிரப்பிவிடும். பெரிய பைக்கு மாற்றுகிற நேரம் ஆபத்தான நேரம். பகலில் மாற்றவேண்டும், ஏனென்றால் அந்து இரவில் பறப்பது. பழைய பையைக் கழற்றியதும் காயை உச்சியிலிருந்து காம்புவரை ஈரத்துணியால் ஒருமுறை வழித்து, நுனியில் ஒட்டிக்கிடக்கும் வாடிய குறியை எடுத்துவிட்டு, உடனே புதிய பை. வேப்பங்கொட்டைச் சாறும் அந்த வேளையில் தெளித்தார்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் கொட்டைப் பருப்பு, இடித்து, துணியில் முடிந்து இரவு முழுதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்தது. வேம்பு பொரித்த இளம்புழுவைத் தின்னவிடாமல் தடுக்கும். வெயிலில் வலு போய்விடும் என்பதால் வெயில் தணிந்து இன்னும் இருட்டாத பின்னேரத்தில் பை மாற்றி, உடனே தெளிப்பது வசதியாக இருந்தது.

பெரிய பை காயில் ஒட்டாமல் இருக்கத் தென்னை ஈர்க்கை வளைத்து இரண்டு வளையம் செய்து பைக்குள் வைத்தார். காய்க்கும் துணிக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. சிவப்புப் பூச்சியின் வாய் அவ்வளவு தூரம் எட்டாது. ஈர்க்கு யோசனை முழுக்க அக்காவுடையது. நான் கம்பி என்று சொன்னேன்; கம்பி வெயிலில் சூடாகிக் காயைச் சுடும் என்று மறுத்துவிட்டார்.

பைக்கு வெளியேயும் வேலை இருந்தது. கலப்புக்கு விடாத காய்களை இரண்டு நாளுக்கொருமுறை தவறாமல் பிடுங்கினார். பிடுங்குகிற ஒவ்வொரு காயோடும் முட்டையும் இளம்புழுவும் தோட்டத்தை விட்டுப் போகின்றன. இதைச் செய்யாமல் பையை மட்டும் நம்பினால் சுற்றிவரப் புழுத்தொகை பெருகி, எங்கேயாவது ஒரு கழுத்தில் வழி கண்டுபிடிக்கும். வாடித் தொங்கிய தளிர் கண்டால் அதற்குக் கீழே ஒடித்தார். காய் கிடைக்காத புழு தளிருக்குள் இறங்குவதால் வருகிற வாட்டம் அது. விழுந்த மொட்டுகளைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டார். வேலியோரத்தில் பூவரசங்காய்களைக் கூட்டி ஒரு குவியலாக்கி, விடியற்காலையில் அதில் கூடியிருக்கும் சிவப்புப் பூச்சிகளைச் சவர்க்காரத் தண்ணீருக்குள் தட்டிவிடுவது மூத்த மகளின் பொறுப்பு.

விளைவு

சித்திரையில் பைகளைத் திறந்தபோது பெரும்பாலான கலப்புக் காய்கள் துளையில்லாமல் இருந்தன. காயின் விளிம்புக் கோடுகள் வெடிக்கத் தொடங்கியவற்றில்கூட விதை பைக்குள்ளேயே கொட்டிக் கிடந்தது. வெடித்த காய்க்குள் புகுந்து விதையை உறிஞ்சும் சாம்பல் நிறச் சிறு பூச்சிகளும் அண்டவில்லை. தண்ணீரில் போட்ட விதைகளில் மிதந்தவை கொஞ்சமே. கருத்த, உருண்ட, கனமான விதை.

கெட்டவையும் இருந்தன. ஒரு காயில் புழு இருந்தது. அதன் கழுத்தில் பஞ்சு ஒரு பக்கம் விலகியிருந்தது. சித்திரை மழையோடு வந்த காற்றில் ஒன்று காம்போடு முறிந்தது. அதற்குப் பிறகு பெரிய பைகளின் பாரத்தைத் தண்டில் விழவிடாமல் பக்கத்தில் நட்ட கம்போடு சேர்த்துக் கட்டினார். அந்த மழைக்குப் பின் இரண்டு காயின் தோலில் பூஞ்சணம் வந்தது. பையைக் கழற்றி வெயிலில் உதறி, காய்ந்த பையைப் போட்டதும் விதைவரை போகவில்லை.

இன்னும் தீராதது மாப்பூச்சி, நாட்டில் சிலர் வெள்ளைப்பூச்சி என்பது. பைக்குள் ஒன்று சேர்ந்துவிட்டால் எதிரி இல்லாத இடத்தில் மளமளவென்று பெருகுகிறது. எறும்பு அதைக் காவிக்கொண்டு வந்து கழுத்துப் பஞ்சின் அடியில் வைத்துவிடுகிறது. அக்கா இப்போது கிழமைக்கொருமுறை ஒவ்வொரு பையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் மட்டும் திறந்து, சவர்க்காரத் தண்ணீர் தோய்த்த தூரிகையால் எடுக்கிறார். காரணமில்லாமல் பை திறப்பதில்லை.

கலப்பு விதை நிழலில் உலர்ந்து, சாம்பல் கலந்து, மூடி இறுக்கமான போத்தலில் இருக்கிறது. அடுத்த தையில் விதைப்பார். முதல் தலைமுறைச் செடிகள் ஏறத்தாழ ஒரே மாதிரி நிற்கும். குணங்கள் பிரிந்து நிற்பது அதற்கடுத்த தலைமுறையில்தான். அங்கே ஒவ்வொரு நல்ல செடியிலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கவைத்து விதை எடுக்கவேண்டும், அதற்குக் கேசரம் நீக்கத் தேவையில்லை, மாலையில் மொட்டுக்குப் பை போட்டால் போதும். பைகளின் எண்ணிக்கைதான் பலமடங்காகும். அக்கா பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் மிஞ்சிய ஓகன்சாப் பைகளை இப்போதே கேட்டு வாங்கி வைத்திருக்கிறார், ஈர்க்கு வளையங்களை மழைநாளில் இருந்து செய்கிறார்.